உழாத நாற்பது ஏக்கர்

அமெரிக்காவின் புல்வெளிச் சமவெளியில் டெஸ்மர் கவுண்டி என்ற மாவட்டத்துக்கு நூறு வயது ஆகப் போகிறது என்று ஊரே தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஆண்களெல்லாம் தாடி வளர்த்தார்கள். முதலில் வந்து குடியேறியவர்களுக்குத் தாடி இருந்ததாம், அதனால் விழா முடியும்வரை யாரும் சவரம் செய்யக் கூடாது என்று விழாக் கமிட்டி உத்தரவு. மீறிச் சவரம் செய்துகொண்டவனை நீதிமன்ற வாசலில் ஒரு மரக்கூண்டில் அடைத்துப் படம் பிடித்தார்கள். முன்னோர்கள் பட்ட பாட்டில் இவர்களால் திரும்பச் செய்ய முடிந்தது முகத்தில் மயிர் வளர்ப்பது ஒன்றுதான் என்று இர்மா ராடமேக்கர் நினைத்தாள். நினைத்ததோடு விடாமல், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோரும் காபி குடிக்கும்போது சத்தமாகச் சொல்லியும்விட்டாள்.

ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கவுண்டியில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், அதனால் அவள் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். நூற்றாண்டு மலரை எழுதும் வேலையையும் அவள் தலையில்தான் கட்டினார்கள். வரலாறு, நிலம், மக்கள் என்று மூன்று பகுதிகள்.

மக்கள் பகுதிக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைத் தானே எழுதிக் கொடுத்தது. படித்துப் பார்த்தால் கவுண்டியில் நூறு வருடமாக ஒருவன்கூடக் குடித்ததில்லை, ஒருவன்கூடப் பெண்டாட்டியை அடித்ததில்லை. அத்தனை பேரும் உழைப்பாளிகள், கடவுளுக்குப் பயந்தவர்கள். அப்படியானால் முதலில் கவுண்டியின் தலைநகராக இருந்தது பக்கத்து ஊர்தானே, அந்த ஊர்க்காரன் தூங்கும்போது அவன் அலுவலகத்தை உடைத்து, கவுண்டி ஆவணங்களையெல்லாம் பனிச்சறுக்கு வண்டியில் அள்ளிக்கொண்டு வந்து, இந்த ஊரைத் தலைநகராக்கிய திருடர்கள் யார்? அவர்கள் பேரன்கள்தானே இப்போது தாடியைத் தடவிக்கொண்டு திரிகிறார்கள்! வரலாற்றுப் பகுதியில் இர்மா அதை அப்படியே எழுதினாள். கமிட்டித் தலைவன் டெல்பர்ட் ஃபாஸ் அதைத் திருத்தி, 'தலைநகரம் இடம் மாறியது' என்று போட்டான்.

அவள் உண்மையிலேயே மனசு வைத்து எழுதியது நிலத்தைப் பற்றிய பகுதிதான். இங்கே மலை கிடையாது, பெரிய ஆறு கிடையாது. இருந்தது புல் மட்டும்தான், நாம் வந்து அதைத் தலைகீழாகப் புரட்டினோம் என்று தொடங்கியிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வேர்ப்பிடிப்பு இழந்த அந்த மண் எழுந்து பறந்து பகலை இருட்டாக்கியதையும், மாடுகள் மூச்சுத் திணறிச் செத்ததையும் எழுதியிருந்தாள். பழைய புல் இப்போது கவுண்டி முழுக்க ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அது ஹைவேக்கு வடக்கே என் வீட்டை ஒட்டிய நாற்பது ஏக்கர், அதில் இன்றுவரை கலப்பை பட்டதில்லை என்று முடித்திருந்தாள்.

அவளுடைய அப்பா ஒன்றும் ஞானி இல்லை. குதிரைகளுக்குப் புல் வேண்டும் என்றுதான் அதை விட்டுவைத்தார். டிராக்டர் வந்து குதிரைகள் போன பிறகும், உழச் சொன்ன மச்சானோடு இருந்த சண்டையால் வீம்புக்கு அப்படியே போட்டுவைத்தார். ஆனால் மண் பறந்த காலத்தில் சிறுமியாக இருந்த இர்மா, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தாள். நான்கு பக்கமும் நிலம் எழுந்து போனது, அந்த நாற்பது ஏக்கர் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அதன்மேல் உயிர். மற்ற நிலத்தையெல்லாம் குத்தகைக்கு விட்டாள், இதை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

டெல்பர்ட் கையெழுத்துப் பிரதியோடு வந்து சமையலறையில் உட்கார்ந்தான்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நெலத்தப் பத்தி எழுதினது கொஞ்சம் கசப்பா இருக்கு."

"மண்ணு பறந்த கதைய இனிப்பா எழுத முடியுமாடா?"

"அது வறட்சி டீச்சர். அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"அப்போ என் நாப்பது ஏக்கர் ஏன் பறக்கல? அங்க மட்டும் மழ பெஞ்சுதா?"

டெல்பர்ட் தாடியைச் சொறிந்தான். "அதப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். விழாவுக்கு ஹைவேல வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படும். பாவம் தனி ஆளு, உழ முடியாமப் போட்டு வச்சிருக்காங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. ஒரே களையா மண்டிக் கெடக்கு."

"களையா? அதுல என்னென்ன மொளைக்குதுன்னு தெரியுமாடா ஒனக்கு?"

"அதத்தான் டீச்சர் நானும் சொல்றேன். எல்லாமே மொளைக்குது."

அவன் போன பிறகு பிரதியைப் புரட்டினாள். நிலப் பகுதி முழுவதற்கும் குறுக்கே ஒரே சிவப்புக் கோடு. முதல் பத்தியோடு அவன் படிப்பதை நிறுத்தியிருந்தான் என்று டீச்சருக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்திலும் அவன் அப்படித்தான். முழுசாகப் படிக்காமல் பதில் எழுதுகிற பயல்.

வசந்தம் பிறந்ததும் இர்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுத்த இடம் சீழ் பிடித்து, வாரக்கணக்கில் படுக்கவேண்டியதாயிற்று. டெல்பர்ட்டின் மனைவி லொரெட்டா ஜெல்லி சாலட்டோடு பார்க்க வந்தாள். வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வாங்க டீச்சர், ஒரு சந்தோசம் காத்திருக்கு. அதுக்கு மேல வாயத் தொறந்தா அவரு என்னைக் கொன்னுடுவாரு."

வாசலுக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதுவும் கண்றாவியான கலரில் என்று இர்மா நினைத்துக்கொண்டாள்.

டெல்பர்ட்டே காரில் அழைத்துவந்தான். எதிரே வந்த ஒவ்வொருவனும் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான், டெல்பர்ட்டும் தூக்கினான். ஹைவே வளைந்ததும் அவள் எப்போதும்போல வடக்கே பார்த்தாள்.

கறுப்பாக இருந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, ஒரு புல் இல்லாமல், சீராக, வெறும் கறுப்பு மண்.

ஓரத்தில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. தாடிக்காரர்கள் கையசைத்தார்கள். பெண்கள் மேசை போட்டு ஆப்பிள் பை பலகாரமும் காபியும் பரப்பியிருந்தார்கள். அந்தக் கவுண்டியில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அக்கம்பக்கத்தார் டிராக்டரோடு வந்து அவர் வேலையை முடித்துக் கொடுப்பார்கள். யாரும் கேட்கத் தேவையில்லை, கூலி பற்றிப் பேசினால் அவமானம்.

"ஒரே மத்தியானம் டீச்சர்!" டெல்பர்ட் வயலை நோக்கிக் கையை நீட்டினான். "யாரையும் கூப்பிடல, சேதி கேட்டு அவனவனே வந்தான். அந்த வேரு இருக்கே, அப்பா! ரெண்டு கலப்பய ஒடச்சிடுச்சு. ஒருத்தன்கூட மொகம் சுளிக்கல. சோயாவும் வெதச்சாச்சு. இத்தன வருசமா ஒத்த ஆளா முடியாம வச்சிருந்தீங்களே, இனிமே அந்தக் கவல ஒங்களுக்கு வேணாம்."

இர்மா காரைவிட்டு இறங்கினாள். வரப்போரம் ஒரு புல் வேர் மேலே பார்த்தபடி கிடந்தது, அவள் கையைவிட நீளம்.  கத்தவேண்டும் என்று இருந்தது. மடையர்களா, முட்டாப் பயல்களா, நூறு வருடம் இருந்தும் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஜென்மங்களா! ஆனால் எதிரே நின்ற முகங்களில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இவர்களின் அல்பத்தனத்தை வாழ்நாளெல்லாம் வாய் வலிக்கத் திட்டியவள் அவள். இவர்களின் நல்ல மனதுக்கு என்ன வசவு இருக்கிறது?

எல்லோரும் அவள் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"டெல்பர்ட்டு, புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சா?"

"இன்னும் இல்ல டீச்சர்."

"அப்போ எழுதிக்கோ. டெஸ்மர் கவுண்டிக்கு வந்தவங்க என்ன வேலைய ஆரம்பிச்சாங்களோ, அத அவங்க பேரனுங்க இன்னிக்கு மிச்சம் வைக்காம முடிச்சுட்டாங்க. யாரும் சொல்லாம, கூலி வாங்காம, சிரிச்சுக்கிட்டே முடிச்சாங்கன்னும் சேத்துக்கோ."

டெல்பர்ட் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மேசையில் பலகாரத்தை மூடியிருந்த காகிதத்தைக் கிழித்து, அதில் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டான். எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்தான்.

"இத்தன வருசத்துல எங்களப் பத்தி நீங்க சொன்ன மொத நல்ல வார்த்த டீச்சர் இது. மலரோட கடைசிப் பக்கத்துல, ஒங்க பேரோட போடறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். லொரெட்டா ஆப்பிள் பலகாரத்தில் ஒரு பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்து இர்மாவின் கையில் கொடுத்தாள். இர்மா சாப்பிட்டாள். சாப்பிடாவிட்டால் இவர்கள் மனம் வாடிப்போகுமே என்று தனக்குத் தோன்றியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.