மூடிக்கு எதற்கு பேட்டரி?

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் கிடைத்தது. அரசு உதவி அட்டை அலுவலகத்தில் எனக்கு முன்னால் நின்றிருந்த ஓர் அக்கா, பைக்குள் கைவிட்டு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எடுத்து மேசைமேல் வைத்து, "இத நான்தான் பிச்சுட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய கணவர் கூரையைப் பார்த்தார்.

நான் கண்ணால் கண்டது இதையும், இதைத் தொடர்ந்து அந்த மேசையருகே நடந்ததையும்தான். நடுவில் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

(நான் அங்கே ஏன் நின்றேன்? அதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. பிறகு.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அவள் ஏமாற்றப்பட்ட அன்று நகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. தொலைபேசியில் ஓர் இனிய குரல்

இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதில் எனக்கு ஒரு வியாதி. யாருக்கு என்ன கெடுதல் வந்தாலும் முதல் வரியில் மழை கொட்டிவிடும். அந்தக் குரல் "உங்க கார்டு முடங்கிப்போச்சு, பின் நம்பரச் சொல்லுங்க" என்று கேட்க, அக்கா சொல்லிவிடுவதாக எழுதப் பார்த்தேன். பேனா நகர மறுத்தது. "ஆபீஸ்காரன்னா ஆபீஸ்லயே வந்து பாக்குறேன், வைடா போன" என்று சொல்லும் முகம் அது. ஆகவே, வெயிலடிக்கும் ஒரு பகலில், மறுபடி.

3

அவளுக்குப் பட்டன்காரி என்று பெயர் வைக்கிறேன். சட்டை ஆலையில் பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. தைத்து வரும் சட்டையின் ஒவ்வொரு பட்டனையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது. கையோடு வந்தால் திருப்பி அனுப்பு, வராவிட்டால் மடி. ஆலை பாதி நாள் மூடத் தொடங்கி, மூட்டை தூக்கும் கணவனுக்கு இடுப்பும் பிடித்துக்கொண்ட பிறகு, மாதம் ஒரு முறை உதவிப் பணம் ஏறும் அட்டைதான் அவர்கள் வீட்டில் அடுப்பை எரிய வைத்தது.

கைப்பழக்கம் ஆலை வாசலோடு நின்றுவிடுமா? கதவுப் பிடி, குழாய், கணவனின் காலர் என்று எதைத் தொட்டாலும் இரண்டு இழுப்பு. அன்று மளிகைக் கடைக்காரர் எண்ணெய் எடுக்க ஏணியில் ஏறியிருந்தபோது, அட்டை தேய்க்கும் இயந்திரத்தையும் இழுத்தாள். ஒன்று. இரண்டு. அதன் மேல்மூடி கையோடு வந்துவிட்டது.

ஐயோ, உடைத்துவிட்டோம்! மூடியைப் பைக்குள் தள்ளினாள். "எண்ணெய் அப்புறம் வாங்கிக்கிறேன் அண்ணே" என்று ஏணியிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நேர்மையான பெண் இப்படி ஒளித்து எடுத்துப் போவாளா? போவாள். கை காலியாக இருப்பவர்களுக்கு, பயம் முந்திக்கொள்ளும். நேர்மை கொஞ்சம் மூச்சிரைக்கப் பின்னால் வரும்.]

4

வீட்டில் கணவன் தரையில் மல்லாந்து படுத்திருந்தான். கதையைக் கேட்டதும் சிரித்ததில் இடுப்பு வலித்தது.

"மெஷினையே பிச்சுட்டு வந்துட்டியா? நல்லவேள, கடைக்காரர் மீசையத் தொடல."

"பல்லக் காட்டாதீங்க. பசை எங்க? போய் ஒட்டிட்டு வந்துடலாம்."

"திருடுனதத் திருப்பி ஒட்ட வந்த திருடிய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"நான் திருடியா?"

"இல்ல தாயே. பசையக் குடு."

பசை பூச மூடியைத் திருப்பியவனின் கை அப்படியே நின்றுவிட்டது. பசை சொட்டு சொட்டாக அவன் சட்டையில் விழுந்தது.

"ஏய், இங்க வா. மூடிக்கு எதுக்கு பேட்டரி?"

உட்புறத்தில் நாணயம் போல ஒரு பேட்டரி. முடி போன்ற கம்பிகள். மூடியிலிருந்த எண் பொத்தான்களுக்கு அடியில் காகிதம் போல மெல்லிய ஒரு தகடு.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: அது இயந்திரத்தின் மூடியே அல்ல. திருடர்கள் அசல் மூடிமேல் மாட்டிவிட்டுப் போன போலி. தேய்க்கும் அட்டையையும் அழுத்தும் எண்ணையும் அது பதிந்துகொள்ளும். அதை வைத்து இன்னொரு அட்டை செய்துவைத்துக்கொண்டு, பணம் ஏறும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். ஏறியதும் உறிஞ்சிவிடுவார்கள்.)

"போன வாரம் நீங்கதான கடைக்குப் போனீங்க? இழுத்துப் பாத்தீங்களா?"

"நான் என்ன பட்டனா பாக்குறேன்?"

பிறகு இருவரும் சிரிக்கவில்லை. மறுநாள்தான் பணம் ஏறும் நாள்.

5

எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

கடைக்காரரே திருடன். எழுதச் சுலபம். ஆனால் அவரிடம் மூடியைக் காட்டினால் எண்ணெய் டின்மேல் பொத்தென்று உட்கார்ந்து, "என் தங்கச்சி கார்டும் இதுல தேச்சாச்சே" என்பவராகவே அவர் வந்து நிற்கிறார். அவர் ஏணியில் ஏறும் நேரம் பார்த்து எவனோ மாட்டியிருக்கிறான்.

அவர்கள் ஒரு நாள் தாமதித்துப் போகிறார்கள், அட்டையில் ஒன்றுமில்லை. இதை மூன்று பக்கம் எழுதினேன். பெருமையாகக்கூட இருந்தது. மேசைமுன் நின்ற அக்காவின் முகம் ஞாபகம் வந்ததும் கிழித்துப் போட்டேன். ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாட்டை என் நடையழகுக்காகப் பிடுங்க நான் யார்?

மூன்றாவது, அன்றைக்கே, அலுவலகம் மூடுவதற்குள் ஓடுவது.

6

இது நான் கண்டது.

மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மா மூடியைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க எதையும் ஒடைக்கலம்மா. இது திருடன் வச்சது. புகார் நாங்க அனுப்புறோம். பணம் நாளைக்குத்தான ஏறுது? நல்ல நேரத்துல வந்தீங்க." பழைய அட்டையை முடக்கிப் புதியதை நீட்டினார். "நம்பர் போடுங்க. கல்யாண நாள், பொறந்த நாள் வேணாம். திருடனுக்கும் காலண்டர் தெரியும்."

"எங்க கல்யாண நாள் எனக்கே ஞாபகம் இருக்காது மேடம்," என்றார் கணவர்.

"அதான கார்டுக்குப் பின்னாடி எழுதி ஒட்டி வச்சிருந்தீங்க," என்றார் அக்கா. கணவர் மறுபடி கூரையிடம் போனார்.

அக்கா மேசைமேல் இருந்த, எண் அழுத்தும் பலகையை இழுத்துப் பார்த்தார். ஒன்று. இரண்டு. வரவில்லை. அந்த முகத்தில் பரவிய நிம்மதியை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பிறகு இடது கையைக் குடை போலக் கவிழ்த்துக்கொண்டு எண்ணை அழுத்தினார்.

எனக்கு அந்த எண் வேண்டியிருந்தது. நாவல்களில் எண்களுக்கு அர்த்தம் இருக்கும். கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.

"தம்பி, கையில புஸ்தகம் இருக்குல்ல? அதப் பாருங்க," என்றார் அக்கா.

பார்த்தேன். காது சுட்டது. இப்போது சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் அட்டை எண்ணை, மறந்துவிடக் கூடாதென்று, ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். அந்த நாவலை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தும்விட்டேன். போய்க் கேட்டால், யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். நல்ல நாவல். கடைசிப் பக்கம் வரை படிக்காமல் விட மாட்டார்கள்.

அக்கா நகர்ந்தார். என் முறை. அம்மாவின் புதிய அட்டையை நீட்டிய எழுத்தர் அம்மா எண் பலகையை என் பக்கம் தள்ளினார். நானும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

இந்தக் கதையின் முடிவு நான்கு எண்கள். முதல் எண்

நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.