இருநூற்றுப் பத்தாவது வரி

1986-ஆம் வருஷம் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி முதல் தேனி ஸ்டேஷனில் காலை வண்டி ஏறியவர்கள் எல்லோரும் அன்றன்று சாயங்காலமே ஊர் திரும்பினார்கள், திரும்ப மனமில்லாதவர்கள் உட்பட. மதுரையிலிருந்து வரும் வண்டி ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும் நேரம் ஐந்து நாற்பது. அந்த நேரத்தில் அவரவர் எந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தாலும், அடுத்த நிமிஷம் அந்த வண்டியின் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாள் கல்யாணத்துக்குப் போன குடும்பம் முதல் நாள் டிபன் இலையோடு வந்தது. புருஷனிடம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போன முத்துப்பேச்சி ஆறு முறை போய் ஆறு முறையும் வந்து, கடைசியில் கோபத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஒருவர் பாதி முகச் சவரத்தோடு இறங்கினார். ஒரு தடவை அந்த வண்டியில் ஏறியவர்கள் பிறகு பஸ்ஸில் போனாலும், கூடலூர் வழியாக ஜீப்பில் குமுளி ஏறினாலும் கதை அதுதான். சாயங்கால வண்டி வந்த பிறகு கிளம்பினால் தப்பலாம் என்று சிலர் ராத்திரி பஸ்ஸைப் பிடித்துப் பார்த்தார்கள்; பங்களாமேட்டைத் தாண்டுவதற்குள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றார்கள். வண்டி வந்துவிட்டது, ஆகவே அவர்களும் வந்தாகிவிட்டது. மூன்று வாரத்தில் ஊர் உஷாராகிப் பஸ்ஸுக்கு மாறியது. அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறியிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் முதல் வாரம் அவர்களோடு சண்டை போட்டார், இரண்டாம் வாரம் நலம் விசாரிக்க ஆரம்பித்தார்.

இதற்குக் காரணம் கடைவீதியில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த பொன்னுராஜ். கடைக்கு மேல் மாடியில் அவர் ஒரு ரயில் பாதை வைத்திருந்தார். பதினாலடி நீளம், ஆறடி அகலத்துக்குப் பலகை போட்டு, போடியிலிருந்து மதுரை வரை உள்ள பாதையைச் சின்னதாகச் செய்திருந்தார். வைகைப் பாலம், ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி ஸ்டேஷனின் புளியமரம் எல்லாம் அதில் உண்டு. விரல் நீள இன்ஜின் ஒன்று, பெட்டிகள் ஐந்து. பதினோரு வருஷமாக கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகியைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஓட்டினார். ஊரில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பொன்னுராஜ் நல்ல மனுஷர், ஆனால் பயந்தாங்கொள்ளி. மதுரையிலிருந்து வரவேண்டிய பார்சல் ஒரு மணி நேரம் தாமதமானால்கூட லாரி கவிழ்ந்துவிட்டதாகவே முடிவு செய்துவிடுவார். மகள் சாராள் மதுரைக்குக் கல்லூரி போய் வந்த மூன்று வருஷமும் சாயங்காலம் லெவல் கிராசிங் பக்கத்தில் போய் நிற்பார். வண்டியில் அவள் தலை தெரிந்ததும் வேறு வேலையாக வந்தவர்போல நடையைக் கட்டுவார்.

கம்ப்யூட்டர் வந்தது 86 மே மாதம். உத்தமபாளையத்து உமர் பாருக், பொன்னுராஜின் பால்ய சிநேகிதர், சிங்கப்பூரில் இருந்த மச்சானைப் பார்க்கப் போனவர் திரும்பும்போது வாங்கி வந்தார். பார்ப்பதற்கு டைப்ரைட்டரின் மேல்பாகம் மட்டும் மாதிரி இருக்கும். டிவியில் சேர்த்தால் எழுத்து தெரியும். புரோகிராமை டேப்ரிக்கார்டர் கேசட்டில் பதிந்து வைக்கவேண்டும். சாராள் கணக்கில் பட்டம் வாங்கி, ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்திருந்தாள். அப்பாவும் மகளும் மூன்று மாதம் அந்த மாடியை விட்டு இறங்கவில்லை. இன்ஜினின் அடியில் காந்தம் ஒட்டி, தண்டவாளத்துக்குக் கீழே ஸ்டேஷனுக்கு ஒரு சுவிட்ச் வைத்தார்கள். காந்தம் மேலே வந்ததும் வண்டி எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். அது பார்த்துக் கரண்டை விடும், நிறுத்தும், பாதை மாற்றும், கேட்டை இறக்கும். கால அட்டவணைப்படி காலை வண்டி காலையில், சாயங்கால வண்டி சாயங்காலம்.

பொன்னுராஜுக்கு இங்கிலீஷ் கட்டளை பிடிபடாததால், தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்தாள் சாராள். மற்ற ஸ்டேஷன்களுக்கு ‘நட’, ‘நில்’. தேனியிலிருந்து புறப்படும் இடத்துக்கு, அதாவது 210-ஆவது வரிக்கு, ‘போ’. காபி கொண்டுவந்த ராஜமணி, பொன்னுராஜின் மனைவி, டிவியைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். தம்ளரை அப்படியே வைத்துவிட்டாள்.

“ஏத்தா, நம்ம ஊர்ல இருந்து கெளம்புற வண்டியப் பாத்து போன்னா சொல்லுவாக? பொணத்தத்தான் போன்னு சொல்லுறது. போயிட்டு வான்னு எழுது.”

மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சாராள் சொல்லிப் பார்த்தாள். மெஷினுக்கு ஒன்றாக இருக்கட்டும், நமக்கு ஒன்றா என்று கேட்டார் பொன்னுராஜ். ஜெபம் பண்ணி வீட்டை விட்டு இறங்கும்போதுகூட ‘வர்றேன்’ என்று சொன்னால்தான் கதவைத் திறக்கிற ஆள். வரி மாறியது. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலையில் மாடியில் புரோகிராமை ஓடவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். மனுஷர் துணை இல்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக, குடும்பம் மூன்று பேரும் நிஜ வண்டி ஏறி மதுரைக்குப் போய்ப் புதுமண்டபத்தில் துணி எடுத்துவிட்டு, திட்டப்படியே சாயங்கால வண்டியில் வந்தார்கள். அதனால் அவர்களுக்கு மட்டும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

மாடியில்தான் விஷயம் என்று ஊருக்கு உறுதியானது அக்டோபரில். ஒரு சாயங்காலம் சரியாக ஐந்து நாற்பதுக்குக் கரண்ட் போய், நாற்பது நிமிஷம் கழித்து வந்தது. மாடியில் சின்ன வண்டி கணவாயில் நின்றது. நிஜ வண்டியும் கணவாயில் நின்றது. அன்று வெளியூர் போயிருந்த பதினோரு பேர் இருந்த இடத்திலும் இல்லை, வண்டியிலும் இல்லை. திண்டுக்கல்லில் பேசிக்கொண்டிருந்த ஆளின் நாற்காலி காலியானதைப் பார்த்தவர்கள் உண்டு. அவர் பெட்டியில் வந்து சேர்ந்தது கரண்ட் வந்த பிறகுதான். பதினோரு பேரில் உமர் பாருக்கும் ஒருவர். மறுநாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“வீட்ல கூப்புடுற சத்தம் கேட்டுச்சு. எந்தப் பக்கம்னு தெரியல. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய மட்டும் அமத்திப்புடாதப்பா.”

அன்றிலிருந்து பொன்னுராஜுக்குத் தூக்கம் போயிற்று. ஸ்டெபிலைசர் வாங்கினார், லாரி பேட்டரி நாலு வாங்கிப் படியோரம் அடுக்கினார். கேசட் பூஞ்சை பிடிக்குமோ என்று ஏழு பிரதி எடுத்தார். பல்லி சத்தம் போட்டால் மாடிக்கு ஓடுவார். நானூற்றுப் பன்னிரண்டு பேரின் வீட்டிலும் அடுப்பு எரிவது தன் கையில் இருப்பதாக நினைத்து நினைத்து, சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னாலேயே சாப்பிட்டார். ஆனால் ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். மகள் எங்கே போனாலும் ஆறு இருபதுக்குத் தேனி ஸ்டேஷனில் இறங்குவாள் என்பதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அவர் லெவல் கிராசிங்குக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

87 மார்ச்சில் சாராளுக்கு மெட்ராஸில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலைக்கு உத்தரவு வந்தது. ஏப்ரல் இருபத்தேழாம் தேதிக்குள் சேராவிட்டால் உத்தரவு ரத்து. அவள் விடிகாலை பஸ்ஸில் கிளம்பினாள். விழுப்புரம் வரும்போது மணி ஐந்து நாற்பது ஆகிவிட்டது. பெட்டியும் தலையணையுமாக ஆறு இருபதுக்குத் தேனியில் இறங்கினாள். மறுபடி கிளம்பினாள், அந்த பஸ் வேகமானது, திண்டிவனம் வரை போயிற்று. மூன்றாவது முறை வாடகைக் காரில் போய்ச் செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கண்ணிமைத்தால் ஆண்டிபட்டி. அன்று வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் குப்புறப் படுத்தாள். ராஜமணி அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். போ என்று எழுதச் சொன்னால் பெற்ற பிள்ளையை எங்கே அனுப்புகிறோம் என்று தெரியாது. எழுதாவிட்டால் பிள்ளை இந்த வீட்டுச் சுவரைப் பார்த்தே கிழவியாகிவிடும். புருஷனும் பெண்சாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு வாரம் ஓட்டினார்கள். பொன்னுராஜ் வேறு வேறு வார்த்தை தேடினார். ‘போய் நல்லாயிரு’ என்று சோதனைக்கு அடித்தபோது கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. ஒதுக்கிய இடத்துக்கு மேல் எழுத்து கூடிவிட்டது.

கடைசியில் சாராள்தான் மாடிக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் இங்கன இருந்தாலும் பயப்படுவீக, அங்கன இருந்தாலும் பயப்படுவீக. எப்படியும் பயப்படத்தான் போறீக. நான் போனதுக்கே பயந்துட்டுப் போங்கப்பா.”

பொன்னுராஜ் காலண்டரைப் பார்த்துச் சனிக்கிழமை என்றார்.

அந்தச் சனிக்கிழமை, ஏப்ரல் இருபத்தைந்து, தேனி ஸ்டேஷனில் சாராளைத் தவிர யாரும் வண்டி ஏறக்கூடாது. ஏறினால் அவருக்கும் அதே வார்த்தைதான். உமர் பாருக் முந்தின நாளே வாழைமண்டியிலும் பள்ளிவாசலிலும் சர்ச் வாசலிலும் சொல்லி வைத்தார். காலையில் டிக்கெட் ஜன்னலை முதுகால் அடைத்துக்கொண்டு நின்று, விவரம் தெரியாமல் வந்த தேவதானப்பட்டி வியாபாரிகள் இரண்டு பேரைத் தன் செலவில் பஸ் ஏற்றிவிட்டார். வீட்டு வாசலில் சாராள் ‘போறேன்ப்பா’ என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக ‘வர்றேன்’ சேர்க்கவில்லை. பொன்னுராஜ் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடி ஏறினார். ராஜமணி மகளோடு ஸ்டேஷனுக்குப் போனாள்.

வண்டி ஏழு பத்துக்கு. ஏழு மணிக்கு அவர் 210-ஆவது வரியை அழித்துப் புதிதாக அடித்தார். படித்துப் பார்த்தால் ‘போயிட்டு வா’ என்றிருந்தது. மறுபடி அழித்து அடித்தார். மறுபடியும் அதுவே. மனசு ஒன்றை நினைத்தாலும் ஐம்பத்தெட்டு வயதுக் கை பழகின வாக்கியத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் நின்றது. மூன்றாவது தடவை இரண்டு எழுத்தை அடித்துவிட்டு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். ஏழு ஒன்பது. புரோகிராமை ஓட்டும் பொத்தானை மூக்கால் அழுத்தினார் என்று ஊரில் சொல்வார்கள், அவர் மறுத்ததில்லை. சின்ன இன்ஜின் நகர்ந்தது. தெருவுக்கு அப்பால் நிஜ இன்ஜின் ஊதியது. பொன்னுராஜ் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் வரியைப் பழையபடி மாற்றினார். ஆறு இருபதுக்கு ஸ்டேஷனில் பாதி ஊர் நின்றது. வெளியூர் போயிருந்தவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். சாராள் இறங்கவில்லை. ராஜமணி ஒவ்வொரு பெட்டியாக ஏறிப் பார்த்தாள். காணோம் என்பது சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் உமர் பாருக்கின் சம்சாரத்தைக் கட்டிக்கொண்டாள். போ என்ற வார்த்தை பிள்ளையை மெட்ராஸில் விட்டதா, கரண்ட் போன நாற்பது நிமிஷம் இருந்த இடத்தில் விட்டதா என்று சொல்ல யாரும் இல்லை. ஞாயிறு ஆராதனையில் பொன்னுராஜ் எழுந்திருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்தார், உட்காரவேண்டிய இடத்தில் நின்றார். திங்கள் பூராவும் தபாலாபீஸ் படியில் இருந்தார். செவ்வாய் பதினொரு மணிக்குத் தந்தி வந்தது: வேலையில் சேர்ந்தேன், சாப்பாடு சுமார்.

கிறிஸ்துமஸுக்கு வரக் கிளம்பிய சாராளின் பஸ் உசிலம்பட்டியைத் தாண்டிக் கணவாய் ஏறியது. அடுத்த நிமிஷம் அவள் மெட்ராஸ் ஹாஸ்டலில் தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் நாலு முறை முயன்றாள், நாலு முறையும் அதுவே. அந்த வார்த்தையை அதற்கப்புறம் எப்படி மாற்றி எழுதினாலும் அவளுக்குப் பலிக்கவில்லை. அவள் மறுபடி தேனியில் வண்டி ஏறினால்தானே வரி அவளைத் தொடும். ஆகவே அவள் கணவாய்க்கு அந்தப் பக்கம் வரை வந்தாள், இவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து போனார்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை வண்டியில் பொன்னுராஜும் ராஜமணியும் உசிலம்பட்டியில் இறங்குவார்கள். சாராள் பிளாட்பாரத்தில் நிற்பாள். சாயங்கால வண்டி வரும்வரை புளியமரத்தடியில் துண்டை விரித்து மூவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். 89-இல் அவள் கல்யாணமும் அந்த ஊரில்தான் நடந்தது. பத்திரிகையில் காலை பத்தரை முதல் மாலை நாலரை வரை என்று போட்டிருந்தார்கள். அச்சுக்கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குள் வேறு ஏழு குடும்பங்கள் வந்து கேட்டு, ஏழு சனிக்கிழமைகளில் பொன்னுராஜ் அந்த இரண்டு எழுத்தை அடித்துக் கொடுத்திருந்தார். கை ஒரு தடவையும் பழகவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ராஜமணிக்கு முழங்கால் வலி வந்து தரையில் உட்கார முடியாமல் போயிற்று. உசிலம்பட்டி பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்ச் ஒன்று போட்டுத்தர விரும்புவதாகப் பொன்னுராஜ் ரயில்வேக்கு மனு எழுதினார். அச்சடித்த படிவத்தில் காரணம் என்ற இடத்தில் நிறைய கோடு விட்டிருந்தார்கள். மகள் இதற்கு மேல் வரமுடியாது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினோராம் நாள் அனுமதி வந்தது, பெஞ்ச் மூன்று பேர் உட்காரும் அளவு இருக்கவேண்டும் என்ற குறிப்போடு.