மேசைக்கடியில் இருவர்

"உங்க அண்ணன் சொல்லச் சொன்னார். சாயங்காலம் அவங்க வராங்களாம்" என்றாள் தித்திலியா.

மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கெலெராவின் கத்தி நின்றது. "யாரு அண்ணி?"

"வேற யாரு, உன் புருஷன் வீட்டு ஜனம்தான். தோமாசி, அவன் பெரியப்பா நெமானி, கூட நாலஞ்சு ஆம்பளைங்க. பல்லு கொண்டு வராங்களாம்."

அந்தத் தீவில் திமிங்கலப் பல்லை நீட்டினால் மன்னிப்புக் கேட்பதாக அர்த்தம். அண்ணன் வைசாலே அதைக் கையில் வாங்கிவிட்டால் நடந்ததெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். கெலெரா துணிமணியைக் கட்டி, நாலு வயது மகள் சேனாவைத் தூக்கிக்கொண்டு, அன்றைக்கே கணவன் தோமாசி வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வாங்காவிட்டால் சொந்தபந்தத்தில் வைசாலே தலைகாட்ட முடியாது.

"அண்ணன் என்ன சொல்றார்?"

"கேட்டுச் சொல்றேன்." தித்திலியா முன்னறைக்குப் போய்த் திரும்பினாள். "வாங்காம எப்படி இருக்கறதுன்னு கேக்கறார்."

"எனக்கும் கேட்டுச்சு அண்ணி. நடுவுல இருக்கறது பலகைதானே."

"காதுல விழுந்தா விழட்டும். நான் வந்து சொன்னாத்தான் அவர் சொன்னதா கணக்கு."

பெரியவர்களான பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. அதுதான் மரியாதை. அடிபட்டு இந்த வீட்டுக்கு வந்த இரவில்கூட வைசாலே கதவைத் திறந்தான், தங்கையின் உதட்டைப் பார்த்தான், மனைவியை எழுப்பப் போய்விட்டான்.

"சேனா தினமும் பாயை நனைக்கறாள்னு சொன்னீங்களா அவர்கிட்ட?"

"சொன்னேன். குழந்தைதானே, மறந்துடும்னார்." தித்திலியா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மட்டும் உன்னை அனுப்ப ஆசையா? நீ போயிட்டா என் சமையல்ல உப்பு இல்லைன்னு திட்ட இங்க எவ இருக்கா?"

கெலெராவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் சேனாவை மாதாகோவில் கூடத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். இப்படி வீடுவிட்டு வந்த தாய்மார்களும் பிள்ளைகளும் வாரம் ஒருநாள் அங்கே கூடுவார்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடும் பணியாளர் உனைசி, மரக்கட்டைகளைச் சேனாவின் பக்கம் தள்ளியபடியே கெலெராவிடம் கேட்டாள்: "நீங்க தூங்கினீங்களா?"

"என்னை விடுங்க. இவளுக்காகத்தான் வந்தேன்."

"இவ உங்களைத்தானே நாள் பூரா பாத்துட்டிருக்கா. உங்க தோள் எங்க இருக்கு பாருங்க."

தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. "எங்க எல்லாருக்கும் அங்கதான். கம்மல் வாங்கற செலவு மிச்சம்" என்றாள் பக்கத்திலிருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். கெலெராவும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதுவிட்டாள். பல் கொண்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"அங்க வந்து பேச எனக்கு உரிமை இல்லை. போலீஸ் நம்பர் தரேன், வேற இடம் வேணும்னா பாத்துத் தரேன்" என்றாள் உனைசி. "ஒண்ணு சொல்லுங்க. போறியா, இருக்கியான்னு உங்களை யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆண்கள் குனிந்து உள்ளே வந்து பாயில் வரிசையாக அமர்ந்தார்கள். தோமாசி கடைசியில், தேய்த்த சட்டையும் தாழ்ந்த தலையுமாக, பாவம் என்று தோன்றும்படி இருந்தான். அந்த வீட்டுக்கு ஒரே வாசல். அது அவர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சமையலறையில் கெலெரா சேனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சடங்குக்குக் குடிக்கும் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்தார்கள். முதல் சிரட்டை கைமாறியதும் வழக்கப்படி எல்லோரும் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார்கள். டொப். டொப். டொப்.

கெலெராவின் கைக்குள் இருந்த சின்னக் கை இல்லை. சேனா மேசைக்கடியில் இருந்தாள், முழங்காலுக்குள் தலையைப் புதைத்து, இரண்டு கையாலும் பிடரியை மூடி.

இப்படி ஒளியும்போதெல்லாம் கெலெரா அவளை இழுத்துத்தான் எடுத்திருக்கிறாள். வெளிய வாடி, ஆளுங்க பாக்கறாங்க. இன்றும் கை நீண்டது, குழந்தையின் புஜத்தைப் பிடித்தது. பிடியைக் கண்டு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. தோமாசி பிடிக்கிற பிடி. விட்டாள். துணியை ஒதுக்கிக்கொண்டு தானும் மேசைக்கடியில் நுழைந்தாள்.

"அடியே, என்ன பண்றே? பல்லை எடுத்துட்டாங்கடி!"

"நீங்களும் வாங்க அண்ணி."

"என் இடுப்புக்கு அதுக்குள்ள இடம் ஏது?" என்றாள் தித்திலியா.

முன்னறையில் நெமானி கிழவர் பல்லை ஏந்திப் பேசினார். "எங்க பையனுக்குக் கை தவறிடுச்சு. இந்தப் பல்லை வெச்சு அதை மூடிடுங்க. மருமகளையும் பேத்தியையும் எங்களுக்குக் கொடுங்க."

"தங்கச்சியைக் கூப்பிடு" என்றான் வைசாலே மனைவியிடம்.

"மேசைக்கடியில இருக்கா."

"குழந்தையா?"

"ரெண்டு பேரும்."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான். கெலெராவுக்கு முகம் எரிந்தது. சேனாவின் நெஞ்சு அவள் விலாவில் கோழிக்குஞ்சுபோல அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா."

பெரியவளான பிறகு கெலெரா அவனை நேராகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"அண்ணா, கை தவறலை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் அடிச்சார். இவ இப்படித்தான் அடியில உக்காந்து பாத்துட்டு இருந்தா. மன்னிப்பை வாங்கிக்கோ, நான் வேணாங்கலை. ஆனா நான் போகமாட்டேன்."

"தித்திலியா, அவகிட்ட சொல்லு" என்று தொடங்கிய வைசாலே நிறுத்திக்கொண்டான். எழுந்து வந்தான். குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். குழந்தையின் நனைந்த பாவாடையையும் பிடரியை மூடிய விரல்களையும் நெடுநேரம் பார்த்தான். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பிப்போய் இரண்டு கையாலும் பல்லை வாங்கினான். சடங்கை முடிக்க, வந்தவர்களின் கைகள் தட்டக் குவிந்தன.

"தட்டாதீங்க" என்றான். "மன்னிப்பை வாங்கிக்கிட்டேன். தங்கச்சியை அனுப்பறதா இல்லை."

"பல்லை வாங்கிட்டுப் பொண்ணைத் தரமாட்டேன்னா அது என்ன முறை?" நெமானி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சரி, பரவால்ல. எங்களுக்கு அவசரம் இல்லை. இன்னொரு தடவை கரைங்கப்பா. இருந்து கூட்டிட்டுப் போறோம்."

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வைசாலே தன் இடத்தில் அமரவில்லை, சமையலறை வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டான்.

"போயிட்டாங்களா?" சேனா காதில் கேட்டாள்.

"இல்லம்மா."

"நாம போகணுமா?"

"வேண்டாம்."

கெலெராவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. நீட்ட இடமில்லை. அண்ணனின் முதுகைத் தாண்டி, வரிசைக் கடைசியில் மடக்கியிருந்த தோமாசியின் இரண்டு முழங்கால்கள் இன்னும் தெரிந்தன. சேனா பிடரியிலிருந்து ஒரு கையை எடுத்து அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். மற்ற கை அங்கேயே இருந்தது.