சாரத்தில் நின்ற சட்டி

அருகில் வாருங்கள் கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்கள். இரண்டு நகரங்களைச் சேர்க்கக் கிளம்பி, இரண்டடிச் சேற்றைத் தாண்டத் தெரியாமல் நின்ற ஒரு பெரிய மனிதனின் கதை சொல்கிறேன்.

ஆற்றுப் பாலத்தின் கடைசித் தளத்துக்குக் காங்கிரீட் போடுகிற நாள். கலவையை மேலே ஏற்றும் பம்புக்கு வாடகை கொடுக்க மனம் வராத காண்டிராக்டர், மனிதக் கைகளையே ஏணியாக்கியிருந்தான். விடியும் முன்பே கலவை மெஷின் உருண்டது. தரையிலிருந்து சாரத்தின் உச்சிவரை ஆணும் பெண்ணும் வரிசையாக நிற்க, இரும்புச் சட்டி கைமாறி ஏறியது. சிமெண்டுத் தண்ணீர் முழங்கையில் வழிந்து விரலிடுக்கை அரித்தது. வாங்குபவர் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் கொடுப்பவர் கையை எடுப்பார். இல்லையென்றால் கீழே நிற்பவரின் மண்டை போகும். உச்சியில் வாங்கிக் கொட்டுபவள் நெட்டையம்மா.

வேலை பாதியில் இருக்கும்போது காண்டிராக்டர் வந்தான். மூக்கில் கைக்குட்டை, காலில் வெள்ளை ஷூ. கரையோரம் வேலையாட்கள் குடியிருந்த தகரக் கொட்டாய்களைக் காட்டி, காரிலிருந்தபடியே கத்தினான்.

"திறப்பு விழாவுக்கு வர்றவங்க கண்ணுல இந்தத் தகரக் கொட்டாய்ங்க படக்கூடாது. ஊத்தி முடிச்சதும் நீங்களே பிரிச்சுப் போட்டுடுங்க."

"உள்ள எம்மக நேத்துதான் பிள்ளை பெத்துக் கிடக்கா. எங்கங்க தூக்கிட்டுப் போறது?" என்றாள் நெட்டையம்மா.

"இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு மூலை கிடைக்காதா?"

"பெரிய ஊருதாங்க, நாங்க கட்டினதாச்சே. எந்த மூலையில படுத்தாலும் எந்திரின்னு சொல்ல ஆள் வெச்சிருக்கீங்களே."

சாரம் முழுக்கச் சிரிப்பு இறங்கியது.

"வேலை வேணும்னா கையை நீட்டு. வாயை நீட்டாத."

அவளுக்குக் கீழே நின்ற கம்பிக்காரர் சட்டியை உயர்த்தினார். அவள் "ஆச்சு" சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள். கம்பிக்காரர் ஒரு கணம் பார்த்தார். சட்டியைப் பலகைமேல் வைத்தார். அவருக்குக் கீழே இருந்தவரும் வைத்தார். அப்படியே தரைவரை.

சூப்பர்வைசர் ஓடிவந்தான். "சார், கலவை இறுகிடும். போட்டது காஞ்சுட்டா மிச்சம் ஒட்டாது, தளம் விரிசல் விட்டுடும். இத வேலை முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாமே சார்."

"இவங்க இல்லாட்டி வேற ஆளா இல்ல?"

"இருக்காங்க சார், அக்கரையில. அவங்க வர்றதுக்கு இந்தப் பாலம்தான் வேணும்" என்றார் கம்பிக்காரர்.

காண்டிராக்டர் ஆவேசமாகச் சேற்றில் இறங்கினான். கால் வெளியே வந்தது, ஷூ வரவில்லை. நகரங்களை இணைக்க வந்தவன் ஒற்றைக்காலில் நின்று போலீசுக்குப் போன் போட்டான்.

எல்லோரும் இறங்கினார்கள். நெட்டையம்மாவின் மகள் படுத்திருந்த கொட்டாயைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஜீப்பின் சத்தம் தூரத்தில் கேட்டது. யாரும் நகரவில்லை. அடுப்பில் கொதித்த வெந்நீர், பிள்ளை பெற்றவளுக்காக அந்த வரிசையில் கைமாறிப் போனது.

"ஆச்சு." "ஆச்சு." "ஆச்சு."

ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

உங்கள் கூரை உங்கள் தலைக்கு மேலேயே நிலைக்கட்டும், கண்ணுகளா. எவன் வந்து வாசலை மறித்தாலும், உங்கள் வீட்டு வெந்நீர் ஆறுமுன் வந்து சேர அக்கம்பக்கத்துக் கைகள் இருக்கட்டும்.