தார்சி மறைத்த கழுத்து

தார்சி முக்காட்டை இறுக்கிக் கட்ட ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. வெயில் கொளுத்தினாலும் தளர்த்துவதில்லை. உள்ளே கழுத்தின் முன்பக்கம் வீங்கியிருந்தது. தொட்டால் வலி காது வரை ஏறும். சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

கிராமத்துச் சுகாதாரத் தொண்டர் அவள். பெருந்தொற்று வந்தபோது வீடு வீடாக ஏறி இறங்கி, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி ஊரையே தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போனவள்; தானும் போட்டுக்கொண்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் பயந்தவர்களை நாலு பேர் முன்னால் கேலி செய்ததும் இந்த மகராசிதான். இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கழுத்தைக் காட்டுவாள்?

யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி, தெமாங்குங் டவுன் டாக்டரிடம் போனாள்.

"தைராய்டு சுரப்பியில அழற்சி. ஊசியால வந்திருக்கலாம், வேற கிருமியாலயும் வந்திருக்கலாம், அடிச்சுச் சொல்ல முடியாது. ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் சில மாசத்துல அடங்கிடும்மா, பயப்படாதீங்க," என்றார் அவர். வலிக்கு மாத்திரை எழுதினார். கூடவே, ஊசிக்குப் பின் வரும் கோளாறுகளைத் தெரிவிக்கும் ஒரு படிவத்தையும் நீட்டினார். "இத உங்க சுகாதார நிலையத்துல பூர்த்தி பண்ணிக் குடுங்க. நீங்களே சொல்லலைன்னா யாரு சொல்லுவா?"

தார்சி படிவத்தை நாலாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் செருகி வைத்தாள்.

மறுவாரம் பக்கத்து வீட்டுத் துகினெம் வந்து நின்றாள். சந்தையில் தெம்பே என்ற சோயா வில்லையைப் பொரித்து விற்பவள். அன்றைக்கு ஊசிக்குப் பயந்து கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனது தார்சிதான்.

"கழுத்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. கையெல்லாம் நடுங்குது. அந்த ஊசியாலயா இருக்குமோ?"

தார்சியின் கை முக்காட்டு முனைக்குப் போயிற்று. முக்காட்டை விலக்கினாலே போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

"ஊசியாவது மண்ணாவது! உனக்குக் காத்து புகுந்திருக்குக்கா. உக்காரு, உரசி விடறேன்."

உடம்புக்கு என்ன வந்தாலும் அந்த ஊரில் முதல் வைத்தியம் அதுதான். எண்ணெய் தடவி, பழைய நாணயத்தின் விளிம்பால் பிடரியிலிருந்து முன்கழுத்துவரை உரசினாள். சிவப்புச் சிவப்பாகக் கோடுகள் எழும்பின. துகினெம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். வீங்கிய இடம் வந்ததும் தார்சியின் கை தானாக மெதுவாயிற்று. அங்கே எப்படி வலிக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

பத்து நாள் கழித்து, தெம்பே பொரிக்கும்போது துகினெத்தின் கை நடுங்கி, கொதிக்கிற எண்ணெய் முழங்கை வரை கொட்டியது.

அந்த வாரம் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். ஊர்ப் பொதுக்கூடத்தில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். "துகினெம் அக்காவுக்குக் கை நடுங்குதாம். இந்த வயசுல யாரப் பாத்து நடுங்குதோ!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தார்சியால் தாங்க முடியவில்லை. குண்டூசியை உருவி முக்காட்டை அவிழ்த்தாள். கழுத்தைக் காட்டினாள், டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள், தான் மறைத்ததையும் சொன்னாள். சிரிப்பு அடங்கிவிட்டது. யாரும் திட்டவில்லை. ஒருத்தி தண்ணீர்கூடக் கொடுத்தாள். அப்பாடா, பாரம் இறங்கிற்று என்று நினைத்தாள் பாவி.

வீட்டுக்குப் போய் அரிசி டின்னுக்கு அடியிலிருந்த படிவத்தை எடுத்துக்கொண்டு துகினெத்தின் வீட்டுக்குப் போனாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, நாளைக்கே உன்ன டாக்டர்கிட்ட..."

"நாப்பது பேர்கிட்ட சொன்னியாமே."

"ஆமாக்கா."

"நீ என் கழுத்த உரசினப்போ நாம ரெண்டே பேருதான் இருந்தோம். அப்ப வாய் வரலையா உனக்கு?"

தார்சி படிவத்தின் மடிப்பைப் பிரித்தாள்.

"வலிக்கிற இடத்துல மட்டும் மெதுவா உரசினே. எம்மேல எவ்வளவு பாசம்னு நெனச்சேன்டி," என்றாள் துகினெம். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. "எழுது. டாக்டர்கிட்டயும் வரேன். உனக்காக இல்ல, எனக்கு வலிக்குது."

தார்சி எழுதினாள். துகினெத்தின் பெயர், வயது, ஊசி போட்ட நாள், கழுத்து வலி, கை நடுக்கம். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இதற்கு முன் என்ன சிகிச்சை செய்யப்பட்டது, செய்தவர் யார்?

"என்ன நிறுத்திட்டே?" என்றாள் துகினெம்.

நாணயத்தால் உரசல் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் தார்சி தன் பெயரை எழுதினாள்.