ஏழாவது போர்டும் எரிந்தது

வளைவு வந்தது. புஹாரி ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். பட்டென்று ஒரு சத்தம். சீட் பாதிச் சாய்வில் அப்படியே நின்றுவிட்டது.

"யா அல்லாஹ்! என்னைய உயிரோட பொரிக்கப் பாக்குறியாடா?" என்று கத்திக்கொண்டே குதித்து இறங்கினான் புஹாரி.

சுரேன் மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். பச்சைப் போர்டின் ஒரு பக்கம் வெடித்துக் கறுத்திருந்தது. நூலாகப் புகை.

ஏழாவது போர்டு. இதற்கு மேல் கையிருப்பு இல்லை.

ஹாலிஎலவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் பூட்டிக் கிடந்த பழைய பிள்ளை மடுவம் அது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போன அந்த அறையில் இப்போது சுரேனின் ரேஸ் கார் நிற்கிறது. கார் என்றால் சக்கரம் கிடையாது. ஒரு சீட், ஒரு ஸ்டியரிங், எதிரே டீவி. சீட்டுக்கு அடியில், உடைத்துப் போட்ட பஸ்களிலிருந்து கழற்றிய இரண்டு வைப்பர் மோட்டர்கள். திரையில் கார் பிரேக் போட்டால் சீட் முன்னுக்குக் கவிழ வேண்டும். திரும்பினால் பக்கவாட்டில் சாய வேண்டும். எந்த மோட்டர் எந்தப் பக்கம் சுற்றுவது என்று கட்டளை போடுவது அந்தப் போர்டு.

இரும்புச் சட்டமும் மோட்டரும் சுரேன் வேலை. பதினாறு வருடமாக பஸ்ஸுக்கும் லொறிக்கும் வயரிங் செய்து பழகிய கை. போர்டு, அவன் மனைவி கிரிஷாந்தியின் வேலை. பதுளையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ராமாமிர்தத்தின் மகள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா படித்தவள். அப்பாவின் சொல்லை மீறி, தோட்டத் தொழிலாளர் லயத்துப் பையனைக் கட்டிக்கொண்டவள்.

பதினோரு நாளாக அவள் வீட்டில் இல்லை.

"மச்சான், ஒன்னு சொல்லணும். கோவப்படாத" என்றான் புஹாரி. கொஸ்லந்த - பதுளை பஸ் ஓட்டுகிறவன். ஊர்ச் செய்தி எல்லாம் அவனோடுதான் ஏறி இறங்கும். "நேத்து உன் மாமனார் கடைக்குப் போனேன். நம்ம கிரிஷாந்தி தங்கச்சிக்கு கொழும்புல வேலை கெடச்சிருக்காம். லிஃப்ட் ரிப்பேர் பண்ற எடமாம். நாளைக்குக் காலைல ட்ரெயின்."

சுரேனின் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது.

"நாளைக்கா?"

"நாளைக்கேதான்."

பன்னிரண்டு நாளைக்கு முன், சுற்றுலா ஊரான எல்லயிலிருந்து ஒரு ஓட்டல் மெனேஜர் இந்த மெஷினை வாங்கலாமா என்று பார்க்க வந்தார். லயத்தில் பாதிப் பேர் ஜன்னலில் தொங்கினார்கள். நேர் ரோட்டில் மெஷின் ஜோராக ஓடியது. முதல் வளைவில் ஐந்தாவது போர்டு வெடித்தது. மெனேஜர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அத்தனை பேர் முன்னால் சுரேனின் வாய் சும்மா இருக்கவில்லை.

"மோட்டர் எல்லாம் சுத்தம் சார். போர்டுதான் கோளாறு. படிச்சவளாச்சேன்னு நம்பிக் குடுத்தேன். கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஆணி நிறுக்கத்தான் தெரியும்!"

ஜன்னலில் சிரிப்பு கிளம்பியது. கிரிஷாந்தி எரிந்த போர்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று முழுக்க உட்கார்ந்து இரண்டு புதுப் போர்டு செய்து மேசையில் வைத்தாள். மறுநாள் காலையில், பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஆட்கள் போகிற நேரத்தில், பஸ் ஏறிவிட்டாள்.

அந்த இரண்டில் கடைசியும் இப்போது போய்விட்டது.

'இன்றைக்கு இதை ஓட வைக்கிறேன். ஓடுது என்று போய்ச் சொன்னால் வந்துவிடுவாள்.' சுரேன் அப்படித்தான் கணக்குப் போட்டான். வேறு கணக்கு அவனுக்குத் தெரியவில்லை.

ஆறாவது போர்டில் வலப்பக்கம் உயிரோடு இருந்தது. ஏழாவதில் இடப்பக்கம். இரண்டு அரைப் போர்டையும் வைத்து ஒரு முழுப் போர்டு ஆக்கலாம். ஆனால் அதுவும் எரிந்தால்?

முதலில் ஒரு மோட்டரை மட்டும் ஓட விட்டான். முன்னுக்குச் சுற்றியது, பின்னுக்குச் சுற்றியது. அடுத்ததையும் ஓட விட்டான். அதுவும் தங்கம்.

"தனித்தனியா விட்டா ரெண்டும் நல்ல பிள்ளைங்க. சேத்து விட்டா சண்டை. வீட்டுக்கு வீடு இதுதான் மச்சான்" என்றான் புஹாரி.

"வாய மூடிக்கிட்டு அந்த டெஸ்ட் பல்ப்பை எடு."

பஸ் வேலைக்காரனின் ஆயுதம் அது. பல்ப்பிலிருந்து இரண்டு வயர். ஒன்றின் நுனியில் கவ்வி, மற்றதில் ஊசி. சுரேன் யோசிக்காமல் கவ்வியை இரும்புச் சட்டத்தில் மாட்டினான். பதினாறு வருடப் பழக்கம். மோட்டர் பின்னுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசியைப் பிளஸ்ஸுக்குக் கொண்டுபோகும்போது கை தடுக்கி, பெட்டரியின் மைனஸில் பட்டுவிட்டது.

பல்ப் பளீரென்று எரிந்தது.

சுரேன் ஊசியை எடுத்தான். அணைந்தது. வைத்தான். எரிந்தது.

"என்னடா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?"

"மைனஸுக்கும் பாடிக்கும் நடுவுல பல்ப் எரியுதுடா."

"எரிஞ்சா?"

"எரியவே கூடாது!"

பஸ்ஸில் மைனஸ் என்றால் பாடி, பாடி என்றால் மைனஸ். வைப்பர் மோட்டரும் அப்படிச் செய்யப்பட்டதுதான். அதன் ஒரு கம்பி உள்ளுக்குள்ளேயே உடம்போடு சேர்ந்திருக்கும். பஸ்ஸில் அது ஒரே பக்கம்தான் சுற்றும், தொல்லை இல்லை. இங்கே போர்டு அதைப் பின்னுக்கும் சுற்ற வைக்கிறது. அப்போது மைனஸ் பிளஸ் ஆகிவிடும். மோட்டரின் உடம்புக்கும் பிளஸ் வரும். உடம்பிலிருந்து இரும்புக்கு, இரும்பிலிருந்து அடுத்த மோட்டருக்கு. நேர் ரோட்டில் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும், மோதல் இல்லை. வளைவில் ஒன்று இப்படி, ஒன்று அப்படி. பிளஸ்ஸும் மைனஸும் இரும்புக்குள்ளேயே முட்டிக்கொள்ளும். சாவது போர்டு.

போர்டு கோளாறே இல்லை.

சுரேன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சட்டத்துக்கு அவள் இரண்டு கை சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தாள். மோட்டர் உட்காரும் இடத்தில் அதை அரத்தால் சுரண்டி, இரும்பை வெள்ளியாக மின்ன வைத்தது அவன். 'எர்த் நல்லா புடிக்கணும்' என்று. அன்றைக்கே அவள் கேட்டாள்: "ஏங்க, மோட்டருக்கு அடியில ரப்பர் வச்சா என்ன?" அவன் என்ன சொன்னான்? "மோட்டருக்குச் செருப்பு மாட்டி கோயிலுக்கா கூட்டிட்டுப் போகப் போறே?"

ஸ்பேனரை எடுத்தான். வலது மோட்டரின் போல்ட்களைக் கழற்றினான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

போல்டின் தலைக்குக் கீழே வட்டமாக வெட்டிய நீல ரப்பர். தண்டைச் சுற்றி, அளவாக வெட்டிச் செருகிய பேனாக் குழாய். இரும்பு தொடாதபடி அவ்வளவு பக்குவமான வேலை.

இது அவன் செய்ததல்ல.

வெளியே கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டுப் பெரியாயி. சுரேன் போல்ட்டோடு ஓடினான்.

"அக்கா, நான் இல்லாதப்போ யாராவது வந்து இதைக் கழட்டினாங்களா?"

"யாரு வருவா? உம் பொஞ்சாதிதான். நீ பசறைக்கு லொறி பாக்கப் போன அன்னைக்கு. பழைய செருப்பை வெட்டி வெட்டி என்னமோ வச்சுச்சு. பொறகு அதுவே ஏறி ஒக்காந்து ஓட்டுச்சு. அம்மாடி, என்னா சிரிப்பு தம்பி! அக்கா, நீங்களும் ஏறுங்கன்னுச்சு. எனக்கு இந்த ஆட்டம் எல்லாம் ஒத்துக்காதுன்னுட்டேன்."

"வளைவுல வெடிக்கலியா?"

"எதுக்கு வெடிக்கணும்? சோறு வேகுற நேரம் ஓட்டுச்சே. பொறகு நீ வரதுக்குள்ள எல்லாத்தையும் பழையபடி பூட்டிருச்சு."

"எப்ப அக்கா?"

"உன் ஓட்டல்காரன் வரதுக்கு ரொம்ப முன்ன. ரெண்டாவது தரம் வெடிச்சுச்சே, அதுக்கு அடுத்த நாளு."

ஒரு மணி நேரத்தில் எட்டு போல்டுக்கும் ரப்பரும் குழாயும் ஏறின. மோட்டருக்கு அடியில் டயர் டியூப்பை வெட்டி வைத்தான். இரண்டு அரைப் போர்டையும் இணைத்தான். புஹாரி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

வளைவு வந்தது. சீட் சாய்ந்தது. அடுத்த வளைவு. மறுபக்கம் சாய்ந்தது.

"டேய்! டேய்! நம்ம கொஸ்லந்த ரோடு மாதிரியே தூக்குதுடா!"

திரும்பிப் பார்த்தான். சுரேன் அங்கே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கியிருந்தான்.

பதுளையில் கடை நிறையச் சாமான். தராசுக்குப் பின்னால் ராமாமிர்தம். உள்ளே கவுண்டரில் கிரிஷாந்தி வயர் அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன வேணும்? ஆணியா, பைப்பா?" என்றார் ராமாமிர்தம், யாரோ வாடிக்கையாளரிடம் கேட்பது போல.

"கிரிஷாந்திகிட்ட பேசணும் மாமா."

"அது விக்கிற சாமான் இல்ல."

"அப்பா, நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றாள் அவள். அவர் மூன்றாவது தட்டு வரைக்கும் போய், பூட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

சுரேன் மூச்சுவிடாமல் கொட்டினான். "ஓடுது கிரிஷி. வளைவுல சாயுது. உன் போர்டுல ஒரு பிழையும் இல்ல. பெயிண்டை சுரண்டினது நான். பிழை என்னோடது."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு. "ரெண்டு மோட்டருக்கும் ரப்பர் வச்சீங்களா?"

"ரெண்டுக்கும்."

"நல்லது. ஒன்னுக்கு வச்சாலே ஓடும். ரெண்டுக்கும் வச்சா இன்னும் பாதுகாப்பு."

"நீ அப்பவே கண்டுபுடிச்சிட்டே. ஏன் சொல்லல்ல?"

"சொன்னேனே. செருப்புன்னீங்க."

"திரும்பச் சொல்லியிருக்கலாம்ல? ஓட வச்சுக் காட்டியிருக்கலாம்ல?"

"போன வருஷம் அந்த வேன் ஹோர்ன்ல வயர் மாறி இருக்குன்னு காட்டினேன். எத்தனை நாள் என்கூட பேசல்ல? ஒன்பது நாள்." அவள் வயரைச் சுற்றிக்கொண்டே பேசினாள். குரலில் சூடு இல்லை. "அதான், நீங்களே கண்டுபுடிச்சா சந்தோஷமா இருப்பீங்கன்னு நெனச்சேன். எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு போல்டை மட்டும் அப்பிடியே விட்டேன்."

"வேணும்னேவா விட்டே?"

"மூணாவது எரிஞ்சுச்சு. இப்ப மோட்டரைக் கழட்டுவாருன்னு பாத்தேன். நாலாவது எரிஞ்சுச்சு. ஒவ்வொரு தரமும் என் போர்டைத்தான் வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பாத்தீங்க. உங்க போல்டை ஒருக்காகூட தொடல்ல. போகும்போதும் ரெண்டு போர்டு செஞ்சு வச்சிட்டுத்தான் வந்தேன்."

"இப்ப தொட்டுட்டேனே கிரிஷி. இனிமே எதுன்னாலும் உன்கிட்ட கேட்டுத்தான் செய்வேன். சத்தியமா."

அவள் வயரைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"ஒன்னு கேக்குறேன். போர்டுலதான் பிழைன்னு இன்னைக்குத் தெரிய வந்திருந்தா, பஸ் ஏறி வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் சுரேன் வாயைத் திறந்தான். போர்டு பிழையாக இருந்திருந்தால் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான்? மடுவத்தின் வாசலில் நின்று, 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று புஹாரியிடம் பேசிக்கொண்டிருப்பான். அது அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

ஒரு ஆள் வந்து அரை அங்குல பைப் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அந்த ஆள் போனார்.

"வீட்டுக்குப் போங்க. மழை வரப் பாக்குது" என்றாள்.

"கிரிஷி..."

"என் சோல்டரிங் அயன் மேசை லாச்சியில இருக்கு. பழகின கைக்கு வேற ஒன்னு சரிவராது. காலைல புஹாரி அண்ணன் வரும்போது குடுத்து விடுங்க."

"நானே ஸ்டேஷனுக்குக் கொண்டாரேன்."

"வேணாங்க."

அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். கத்தத் தெரிந்தவன்தானே. இந்த 'வேணாங்க'வுக்கு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. படியிறங்கினான்.

மறுநாள் காலை பனி விலகாத ரோட்டில் புஹாரியின் பஸ் வந்து நின்றது. சுரேன் ட்ரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான். சோல்டரிங் அயனை, அவள் அதன் வயரைச் சுற்றி வைத்திருந்தபடியே, ஒரு வெள்ளைத் துணியில் மடித்திருந்தான்.

"நீயே ஏறுடா. முன்சீட்டு காலியாத்தான் இருக்கு. கையில குடுத்திட்டு மூஞ்சியவாவது பாத்துட்டு வா."

"உன்கிட்டதான் குடுக்கச் சொன்னா."

"அவ சொன்னா நீ கேட்டுருவியா? எப்ப இருந்துடா?"

சுரேன் துணியை நீட்டினான். புஹாரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கியரைப் போடவில்லை. பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, வேலைக்கு நேரமாச்சு!" என்று கத்தினார்கள். கண்டக்டர் மணியடித்தான். அப்போதும் புஹாரி நண்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுரேன் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான், போகலாம் என்று.