இடது கை பிரேக்

சண்முகசுந்தரி சைக்கிளின் இடது கை பிரேக் லிவரில் இருந்த குட்டி ஸ்க்ரூவை இன்னும் அரைச்சுற்று திருகினாள். லிவர் கைப்பிடியை நெருங்கி வந்தது. இதற்கு மேல் திருகினால் பிரேக் பிடிக்கும் முன்பே லிவர் கைப்பிடியில் முட்டிக்கொள்ளும்.

"இப்பப் பிடிங்க."

அவள் புருஷன் வேல்ராஜ் தன் இடது கையை வலது கையால் தூக்கி லிவர்மேல் வைத்தான். ஜனவரியில் வந்த வாதம் அவனை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. கால் திரும்பிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. பாழாய்ப்போன இந்த விரல்கள்தான் லிவர் மேல் சும்மா கிடந்தன.

"மடங்க மாட்டேங்கு, ஏட்டி."

காலையிலிருந்து இதே கூத்து. ஹேண்டில்பாரை ஏற்றிப் பார்த்தாள். தண்டில் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டினால் ஓட்டும்போதே கழன்றுவிடும் என்று மறுபடி இறக்கினாள். லிவரைச் சாய்த்தாள், கேபிளை இறுக்கினாள், பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு நிறுத்திப் பார்த்தாள். பேட்டரி சைக்கிள் மேல் ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் எப்போதோ சரிசெய்திருப்பாளே!

இடது கை பிரேக் பின்சக்கரத்துக்கு, வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கு. பின்னால் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் ஆள் தலைகுப்புறப் போக வேண்டியதுதான். குருவிகுளம் பக்கத்துக் கடைகளுக்கு அவன் பதினோரு வருஷம் சரக்குப் போட்டவன். சரக்கு ஏஜென்சி முதலாளி சாம்ராஜ் அண்ணாச்சி நல்ல மனுஷன்தான், ஆனால் இன்று காலை போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு பிரேக்கையும் பிடிச்சு என் கண்ணு முன்னால நிப்பாட்டிக் காட்டும் வே. நாளைக்குள்ள வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

அந்த போனுக்குப் பிறகுதான் அவன் தானாக முகம் மழித்தான். அதுவரை எட்டு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். "நான் எதுக்குட்டி இருக்கணும்?" என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டான். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. நாளைக்கும் தோற்று வந்து அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பினானென்றால்?

ஒரே ஒரு தடவை அந்த விரல்கள் மடங்கியிருக்கின்றன. போன மாதம் நாலு வயசு மகள் கோகிலா கொதிக்கிற உலைமேல் சரியப் போனபோது, "ஐயோ" என்று பிள்ளையின் பாவாடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். இடது கையால்! அப்புறம் எவ்வளவு கெஞ்சியும் அவை அசையவில்லை.

அவள் எழுந்தாள். அரிசி மூட்டையைப் பின்னால் வைத்துக் கட்டினாள். செங்கல் துண்டால் தெருவின் குறுக்கே கோடு கிழித்தாள்.

"தண்ணி டேங்க்ல இருந்து வாங்க. இங்கன நிப்பாட்டணும். வலது கை பிரேக்கத் தொடக் கூடாது."

"முடியாதுட்டி."

"வாங்கங்கேன்!"

மத்தியான வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை; தறிச்சத்தம் மட்டும் கேட்டது. அவன் டேங்க் வரைக்கும் போய்த் திரும்பினான். சரிவில் சைக்கிள் வேகம் எடுத்ததும் அவள் ஓரத்திலிருந்து இறங்கி, கோட்டின்மேல் போய் நின்றுகொண்டாள். யாராவது பார்த்தால் கிறுக்கி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

"ஏட்டி, விலகு! விலகுட்டி!"

"பிடிங்க!"

ஓடிவிடு என்றது உடம்பு. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தையும் பார்க்கவில்லை. லிவர் மேல் கிடந்த விரல்களையே பார்த்தாள். நடுவிரல் ஆடியது. மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கியதாலா, இல்லை தானாகவா என்று தெரியவில்லை. பக்கத்துவிரலும் ஆடியது.

"பிடிங்க!" என்று இன்னொரு முறை கத்தினாள், நின்ற இடத்திலேயே.